ப்ராக்ஸி விற்பவர்களுக்கு: மீட்டர் உங்கள் கையில், பில் எங்கள் தலையில்

காசு வாங்கிக்கொண்டு ப்ராக்ஸி சேவை (எங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு ஐபி, அதாவது இணைய முகவரி, வழியாக அனுப்பும் சேவை) விற்கும் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கு,

"வாங்கிய டேட்டாவுக்குக் காலாவதி கிடையாது" என்று சொல்லித்தான் உங்களில் ஒரு நிறுவனம் எங்களுக்கு ரெசிடென்ஷியல் பிளானை (வீட்டு இணைய இணைப்புகள் வழியாகப் போகும் திட்டம்) விற்றது. பெரிய பேக்காக எடுத்தால் ஜிபி விலை குறையும் என்றது, எடுத்தோம். பணம் வந்து சேர்ந்த பிறகு ஒரு மின்னஞ்சல் வருகிறது: விதிமுறை மாறிவிட்டது, மீதமுள்ள ஜிபி இனி 30 நாள்தான் செல்லும், தொடர வேண்டுமானால் மாதச் சந்தாவுக்கு மாறுங்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு விதியை மாற்றுங்கள், அது உங்கள் வியாபாரம். ஏற்கெனவே விற்றுப் பணமும் வாங்கிய பொருளின் ஆயுளைப் பிறகு குறைப்பதை எங்களால் ஏற்க முடியாது. ஒரு நிறுவனம் செய்ததை மற்றவர்களும் வழக்கமாக்கிக்கொள்ளும் முன், உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறோம்.

விளம்பரம் உரிய ஊரில் உரியபடி தெரிகிறதா என்று பார்ப்பது, கடைகளின் விலையை ஒப்பிடுவது, வெவ்வேறு நாட்டிலிருந்து ஒரு தளம் எப்படித் திறக்கிறது என்று சோதிப்பது: இவைதான் எங்கள் வேலை. சிறு குழுக்களாகவும் தனியாளாகவும் செய்கிறோம். ப்ராக்ஸிச் செலவு எங்களுக்கு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு.

காலாவதி விஷயம் கண்ணுக்குத் தெரிந்ததால் உடனே கோபம் வந்தது. அதைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாத மீட்டரில் நடக்கிறது. பெட்ரோல் பங்கில்கூட மீட்டரைப் பூஜ்ஜியத்தில் காட்டிவிட்டுத்தான் அடிக்கிறார்கள். உங்கள் டாஷ்போர்டில் இருப்பதோ நாளுக்கு ஒரு பட்டை, அதன்மேல் ஒரு ஜிபி எண். எந்தக் கோரிக்கைக்கு (நிரல் ஒரு பக்கத்தைக் கேட்பதற்கு) எத்தனை பைட், அதில் எத்தனை தோல்வி, தோல்விக்கும் கணக்கெழுதினீர்களா, எதுவும் அதில் தெரியாது.

எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய) தளம் ஒன்றை உங்கள் கேட்வே (நுழைவுச் சர்வர்) வழியாகத் திறக்கும்போது நடப்பதை அப்படியே எடுத்துக்கொள்வோம். எங்கள் நிரல் முதலில் கேட்வேயிடம் தளத்துக்கு வழி திறக்கச் சொல்லும் 'கனெக்ட்' கோரிக்கை வைக்கும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதனுடனேயே போகும். கேட்வே ஒரு வீட்டு இணைப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் வழியாக இலக்குத் தளத்தின் சர்வரை எட்டி, எங்களுக்கு '200' (சரி) என்று பதில் தரும். அப்போதுதான் டனல் (தளம்வரை நேர்வழி) திறக்கிறது. பிறகு டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக், அதாவது மறையாக்கத்துக்கான ஆரம்பப் பரிமாற்றம். சான்றிதழ்கள் எல்லாம் வந்து சேர்வதற்கே 4 முதல் 6 கேபி வரை போய்விடும். பக்கம் அதற்கப்புறம்தான் வருகிறது.

அந்த 200க்கு முன்னால் வருகிற எந்தப் பிழையும் உங்கள் கேட்வே அனுப்புவது. 407 (அனுமதி இல்லை) ஆனாலும் 502 (இணைக்க முடியவில்லை) ஆனாலும் 504 (நேரம் கடந்தது) ஆனாலும் இலக்குத் தளத்தின் எச்டிடிபி சர்வர் அதை அனுப்பியிருக்க முடியாது. அதனுடன் பேச்சே இன்னும் தொடங்கவில்லை. கர்ல் என்ற கட்டளைவரிப் பதிவிறக்கக் கருவியில் 'எச்டிடிபி_கனெக்ட்' மதிப்பையும் 'எச்டிடிபி_கோட்' மதிப்பையும் தனித்தனியாக அச்சிட்டால் யாருடைய பிழை என்பது இரண்டு எண்ணில் தெரிந்துவிடும். அந்தப் பதிவுகளை இணைத்து டிக்கெட் போட்டாலும் உங்கள் சப்போர்ட்டிலிருந்து வருவது ஒரே பதில்தான்: "இலக்குத் தளம் உங்களைத் தடுத்திருக்கிறது." இலக்குத் தளம் தடுத்தால் பெரும்பாலும் டனல் திறந்த பிறகு 403 (அனுமதி மறுப்பு) வரும், 429 (கோரிக்கை மிகுதி) வரும், கேப்சா பக்கம் வரும். கனெக்ட்டுக்கே 502 வந்தால் தேர்ந்தெடுத்த வீட்டு இணைப்பு செத்துவிட்டது என்றோ, அதனால் தளத்தை எட்ட முடியவில்லை என்றோ பொருள். இந்த வேறுபாடு சேவையை நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல.

407இல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடவுச்சொல் தவறினாலும் 407, அனுமதித்த ஐபி மாறிப்போனாலும் 407, வாங்கிய டேட்டா தீர்ந்துபோனாலும் உங்களில் பலரிடம் அதே 407. நள்ளிரவில் ஓடும் வேலை நின்றுவிட்டால் எந்தக் காரணம் என்று தேடியே நேரம் போகிறது. பதிலின் தலைப்பில் (ஹெடரில்) காரணத்தை ஒரு வரியில் எழுதுவதற்கு உங்களுக்கு என்ன செலவு?

கணக்குக்கு வருவோம். எங்கள் சர்வரில் உங்கள் கேட்வே முகவரிக்கு மட்டும் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதி ஒன்று போட்டு, வருவதையும் போவதையும் பைட் கணக்கில் எண்ணலாம். இப்படி எண்ணும்போது ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் இருக்கும் ஐபி, டிசிபி தலைப்புகளும் சேர்ந்தே வரும்: 1500 பைட் பாக்கெட்டில் 40 முதல் 52 பைட், அதாவது ஏறக்குறைய 3 சதவீதம். சின்னப் பாக்கெட்டுகளில் விகிதம் இன்னும் கூடும். தொலைந்து மீண்டும் வந்த பாக்கெட்டுகளும் இதில் சேரும். நீங்களோ உள்ளடக்கத்தை மட்டுமே எண்ணுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் எங்கள் எண் எப்போதும் உங்கள் எண்ணைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். நடைமுறையில் பல கணக்குகளில் டாஷ்போர்டு எண்தான் கூடுதலாக நிற்கிறது.

இதைச் சரிபார்க்க விரும்பும் மற்ற வாடிக்கையாளர்கள் 1000, 1024 குழப்பத்தை முதலில் கழித்துவிட வேண்டும். ஒரு ஜிபி என்பது 100,00,00,000 பைட்டா, 107,37,41,824 பைட்டா என்பதிலேயே 7.4 சதவீத வித்தியாசம் வந்துவிடும். விற்பனைப் பக்கத்தில் எது என்று எழுதியிருப்பவர்கள் மிகக் குறைவு. இரண்டு பக்க எண்ணையும் பைட்டாக மாற்றிய பிறகும் உங்கள் எண் கூடுதலாக இருந்தால், எங்களுக்கு வந்தே சேராத எதற்கோ பணம் எடுக்கிறீர்கள். வீட்டு இணைப்பிலிருந்து கேட்வேக்கு வந்ததை எண்ணுகிறீர்களா, கேட்வேயிலிருந்து எங்களுக்கு வந்ததை எண்ணுகிறீர்களா என்பதுதான் இங்கே கேள்வி. பிரவுசர் ஒரு படத்தைப் பாதியில் நிறுத்தினால், கேட்வே அதற்குள் மீதியையும் இழுத்து வைத்திருக்கக்கூடும். ஒரு வீட்டு இணைப்பு பாதியில் அறுந்து, கேட்வே தானாகவே இன்னொன்றில் முயன்றால், இரண்டு முயற்சியும் மீட்டரில் ஏறக்கூடும். இந்த இரண்டுக்கும் வாடிக்கையாளர் பணம் கட்டுவது நியாயமில்லை.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் கேட்கிறோம். முழுப் பக்கமாக இறக்கினால் இன்றைக்கு ஒரு சாதாரணத் தளம் 2 எம்பியைத் தாண்டும். 1 ஜிபியில் 400, 500 பக்கம் பார்ப்பதற்குள் தீர்ந்துவிடும். படம், எழுத்துரு, வீடியோவைத் தடுத்து, சுருக்கிய எச்டிஎம்எல்லை மட்டும் எடுத்தால் பக்கத்துக்கு 100 கேபி அளவில் நிற்கும். அதே 1 ஜிபியில் 10,000 பக்கம் பார்க்கலாம். கர்ல் தானாகச் சுருக்கம் கேட்காது, 'கம்ப்ரெஸ்டு' விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் எச்டிஎம்எல் நாலைந்து மடங்கு பெருத்து வரும். குரோம் பிரவுசரை ப்ராக்ஸியில் ஓட்டுகிறவர்கள் 'டிசேபிள்-பேக்ரவுண்ட்-நெட்வொர்க்கிங்', 'டிசேபிள்-காம்போனென்ட்-அப்டேட்' இரண்டையும் போடாவிட்டால், பிரவுசர் தன் சொந்தப் புதுப்பிப்புகளையும் அவர்கள் வாங்கிய ஜிபியில் இறக்கிக்கொள்ளும். வாடிக்கையாளரின் காசை மிச்சப்படுத்தும் இந்த எளிய குறிப்புகள் உங்கள் உதவிப் பக்கங்களில் ஏன் முதல் வரியாக இல்லை என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது. ஜிபி வேகமாகத் தீர்ந்தால் லாபம் உங்களுக்குத்தானே.

உங்கள் உதவிப் பக்கங்களே தவறான வழியைக் காட்டும் இடங்களும் உண்டு. மாதிரி நிரலில் 'சாக்ஸ்5' (இன்னொரு ப்ராக்ஸி முறை) என்று எழுதுகிறீர்கள். கர்லிலும் பைத்தானின் ரெக்வெஸ்ட்ஸ் நூலகத்திலும் அப்படி எழுதினால் டிஎன்எஸ் தேடல் (தளப் பெயருக்கு ஐபி கண்டுபிடிப்பது) எங்கள் இயந்திரத்திலேயே நடக்கும். ஐபி ஜெர்மனியில் இருக்கும், ஆனால் தளத்தின் முகவரி இந்தியாவுக்குப் பக்கத்தில் உள்ள சர்வரைக் காட்டும். கிடைக்கும் முடிவு இரண்டுங்கெட்டானாக இருக்கும். 'சாக்ஸ்5எச்' என்று ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்தால் தேடல் ப்ராக்ஸி முனையில் நடக்கும். இன்னொன்று: கனெக்ட் டனலில் ஐபி மாறுவது இணைப்புக்கு ஒருமுறை, கோரிக்கைக்கு ஒருமுறை அல்ல. இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் நிரலில் நூறு கோரிக்கையும் ஒரே ஐபியில்தான் போகும். "ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஐபி" என்று விளம்பரத்தில் எழுதுகிறவர்கள் இதையும் அங்கேயே எழுத வேண்டும்.

பயனர்பெயருக்குள்ளேயே நாடு, ஊர், செஷன் எண் (ஒரே ஐபியைத் தொடர்ந்து வைத்திருக்க) என எல்லாவற்றையும் கோடு போட்டுச் சேர்த்து எழுத வைக்கிறீர்கள். வசதிதான். ஆனால் நாட்டுக் குறியீட்டில் ஓர் எழுத்து தவறினால் பல கேட்வேக்கள் பிழை காட்டுவதில்லை. அந்தப் பகுதியைப் புறக்கணித்துவிட்டு ஏதோ ஒரு நாட்டு ஐபியைத் தந்துவிடுகின்றன. அறிக்கை முழுவதும் தவறான நாட்டிலிருந்து எடுத்ததாகிவிடும். வாடிக்கையாளர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது.

செஷன் விஷயத்திலும் இதே மௌனம்தான். 30 நிமிடம் ஒரே ஐபி என்கிறீர்கள். வீட்டு இணைப்பு என்பதால் அது இடையில் போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் போனாலும் போகும், போன் வைஃபையிலிருந்து மொபைலுக்கு மாறினாலும் போகும். போனதும் அதே செஷன் எண்ணில் சத்தமில்லாமல் வேறு ஐபியை மாட்டிவிடுகிறீர்களே, அதுதான் கேடு. உள்நுழைந்த நிலையில் பாதி வழியில் ஐபி மாறினால் இலக்குத் தளம் கணக்கைச் சந்தேகப் பட்டியலில் போடுகிறது. இணைப்பைத் துண்டித்துப் பிழை காட்டுங்கள், நாங்கள் முதலிலிருந்து தொடங்கிக்கொள்கிறோம்.

பல கோடி ஐபி என்ற விளம்பர எண்ணைப் பற்றி நேராகப் பேசுவோம். வீட்டு இணைப்புகளின் ஐபி அடிக்கடி மாறும்; ஒரே கருவி ஒரு மாதத்தில் பல ஐபிகளில் தலைகாட்டும். மாதம் முழுக்கப் பார்த்ததையெல்லாம் கூட்டி எழுதிய எண்ணுக்கும், இந்த நிமிடம் இந்தியாவில் உயிரோடு இருப்பவை எத்தனை என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வாடிக்கையாளர் இதைத் தானே அளக்கலாம். ஐபியைத் திருப்பிச் சொல்லும் ஏதாவதொரு பக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பில் 10,000 கோரிக்கை அனுப்புங்கள். எச்டிடிபிஎஸ் ஆனாலும் 60 எம்பி அளவில் முடிந்துவிடும். கிடைத்த ஐபிகளில் எத்தனை திரும்ப வந்தன என்று எண்ணுங்கள். 10 லட்சம் ஐபியிலிருந்து குலுக்கி எடுத்திருந்தால் திரும்ப வருவது 50ஐ ஒட்டி இருக்கும். 50,000 ஐபிதான் என்றால் ஏறக்குறைய 940 திரும்ப வரும். எல்லா ஐபியும் சம வாய்ப்பில் வருவதில்லை, நல்ல இணைப்புகளுக்கே அதிக வேலை போகும் என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். அப்படியானால் நாங்கள் உண்மையில் பயன்படுத்துவது அந்தச் சிறிய குளத்தைத்தான், பணமும் அதற்குத்தான் கட்டுகிறோம். அந்த எண்ணைத்தான் வெளியிட வேண்டும்.

டேட்டாசென்டர் ஐபியில் (வீட்டு இணைப்பு அல்லாத சர்வர் ஐபி) கதை வேறு. 100 ஐபி வாங்கினால் அவை ஒன்றிரண்டு /24 தொகுதிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஒரு /24இல் 256 முகவரி. தளங்கள் தடுக்கும்போது பெரும்பாலும் தொகுதியோடு தடுக்கின்றன. வாங்கியது 100, வீழ்வது ஒரே அடியில். மாற்றித் தாருங்கள் என்றால் அதே தொகுதியிலிருந்து வேறு எண் வருகிறது. எத்தனை தனித்தனி /24, எத்தனை ஏஎஸ்என் (நெட்வொர்க்கின் அடையாள எண்) என்பதை வாங்கும் முன் காட்டுங்கள்.

'ஸ்டேட்டிக் ரெசிடென்ஷியல்' (மாறாத வீட்டு ஐபி) என்ற பெயரில் நடப்பதுதான் எங்களை அதிகம் புண்படுத்துகிறது, ஏனென்றால் விலை அதிகம். இந்திய வீட்டு இணைப்பு என்றால் ஏஎஸ்என் சொல்லிவிடும்: ஜியோ 55836, பிஎஸ்என்எல் 9829, ஏர்டெல் பிராட்பேண்ட் 24560. நீங்கள் தரும் 'சென்னை' ஐபியை ஹூயிஸில் (ஐபி யாருடையது என்று காட்டும் பதிவேடு) தேடினால் ஏதோ ஒரு ஹோஸ்டிங் நிறுவனம் வருகிறது. ஊர் மட்டும் எப்படிச் சென்னை? ஒரு முகவரித் தொகுதி எந்த ஊரில் இருக்கிறது என்பதை அதை வைத்திருப்பவரே ஒரு கோப்பில் எழுதி வெளியிடலாம். 2020இல் ஆர்எஃப்சி 8805 என்ற தொழில்நுட்ப ஆவணமாக வந்த ஜியோஃபீட் முறை அதுதான். இருப்பிடத் தரவுத்தளங்கள் அந்தக் கோப்பைப் படிக்கின்றன. ஐரோப்பாவில் நிற்கும் சர்வருக்குக் காகிதத்தில் சென்னை முகவரி கிடைத்துவிடுகிறது.

காகிதம் ஏமாற்றும், தூரம் ஏமாற்றாது. ஃபைபரில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும், போய்த் திரும்பும் நேரமாக அளந்தால் மில்லிசெகண்டுக்கு 100 கிலோமீட்டர் தூரம். ஸ்டேட்டிக் ப்ராக்ஸியில் ஐபியும் போர்ட்டும் நேரடியாகத் தரப்படுவதால், அந்தப் போர்ட்டுக்கு டிசிபி இணைப்பு போட்டு நேரத்தை அளக்கலாம். சென்னையிலிருந்து அளந்து நேரம் அதிகமாக வந்தால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது, வழி சுற்றிப் போயிருக்கலாம். சந்தேகப்படும் ஊரில், உதாரணமாக பிராங்பர்ட்டில், ஒரு சின்ன சர்வரை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து அங்கிருந்து அளக்க வேண்டும். 2 மில்லிசெகண்டில் பதில் வந்தால் அந்தப் பெட்டி பிராங்பர்ட்டிலிருந்து 200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சென்னை என்று எந்தத் தரவுத்தளம் சொன்னாலும் சரி. இதையெல்லாம் செய்துதான் நாங்கள் வாங்கிய பொருள் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டுமா?

மொபைல் ஐபியில் ஊர் வாரியாகத் தேர்ந்தெடுக்கக் கூடுதல் கட்டணம் வாங்குகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். மொபைல் நெட்வொர்க்கில் பொது ஐபி என்பது போன் இருக்கும் ஊரைவிட ஆபரேட்டரின் கேட்வே இருக்கும் ஊரையே பெரும்பாலும் காட்டும். ஒரே ஐபியை மேக்ஸ்மைண்ட் தரவுத்தளம் ஓர் ஊர் என்றும் ஐபி2லொகேஷன் தரவுத்தளம் வேறு ஊர் என்றும் சொல்வது சாதாரணம். எந்தத் தரவுத்தளத்தை, எந்தத் தேதிப் பதிப்பை நம்பி 'கோயம்புத்தூர்' என்று விற்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் அதற்குத் தனி விலை வைப்பது தவறு.

பாதுகாப்பில் இரண்டு குறை. ப்ராக்ஸிக்கு அனுப்பும் 'பேசிக்' அடையாளம் வெறும் பேஸ்64தான், யாரும் திருப்பிப் படித்துவிடலாம். சாக்ஸ்5 கடவுச்சொல்லும் அப்படியே திறந்துதான் போகிறது. கேட்வே போர்ட்டுக்கு டிஎல்எஸ் இல்லாவிட்டால் வழியில் இருக்கும் யாரும் அதை எடுத்து எங்கள் ஜிபியைச் செலவழிக்கலாம். அதற்கு மாற்றாக ஐபியை அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறீர்கள். இந்தியாவில் மொபைல் இணைப்புகளும் வீட்டு இணைப்புகளில் பலவும் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பவை. அதை அனுமதித்தால், அதே ஐபிக்குப் பின்னால் இருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் கடவுச்சொல் இல்லாமலே கதவு திறந்துவிடும். இந்த எச்சரிக்கை உங்கள் அமைப்புப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

பணம் கட்டும் இடத்தில் இந்திய வாடிக்கையாளர் படும் பாட்டை உங்களில் பலர் கவனித்ததே இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (தானியங்கிப் பற்றுக்கான அனுமதி) விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னதாகத் தகவல் வர வேண்டும். 2022 ஜூனில் உயர்த்திய வரம்பின்படி, பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு வணிகரின் தானியங்கிப் பற்று மறுக்கப்படும். கார்டில் பணம் இருந்தும் புதுப்பிப்பு தோற்றுப்போகிறது. உடனே ஸ்டேட்டிக் ஐபி பறிபோய் வேறொருவருக்குப் போகிறது. அந்த ஐபியைத் தங்கள் ஃபயர்வாலில் அனுமதித்திருந்த எங்கள் வாடிக்கையாளர்களிடம் எல்லாவற்றையும் மறுபடி மாற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது வாடிக்கையாளர் ஏமாற்றியதால் வந்த தோல்வி அல்ல.

ரீஃபண்ட் விதி இன்னும் மோசம். மூன்று நாளுக்குள் பணம் திரும்பத் தரப்படும் என்று பெரிய எழுத்தில். 100 எம்பிக்கு மேல் பயன்படுத்தினால் கிடையாது என்று அடியில் சிறிய எழுத்தில். 100 எம்பியில் பிரவுசரில் முழுதாகத் திறந்தால் 50 பக்கம்கூடப் பார்க்க முடியாது; தரமில்லை என்று கண்டுபிடிப்பதற்கே அந்த அளவு தீர்ந்துவிடும். கேஒய்சியும் அப்படித்தான். அடையாளச் சோதனை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். திருடர்களும் நாங்களும் ஒரே ஐபியில் போக விருப்பமில்லை. பணத்தை வாங்கிய பிறகு பாஸ்போர்ட் கேட்டு, வீடியோ அழைப்புக்குக் கூப்பிட்டு, நிராகரித்துவிட்டுப் பணம் திரும்ப வராது என்பதுதான் வேண்டாம்.

திருடர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் அமெரிக்க நீதித்துறை முடக்கிய ஆர்சாக்ஸ் என்ற ப்ராக்ஸி சேவை, ஹேக் செய்யப்பட்ட கருவிகளின் ஐபியை நாளுக்கு 30 டாலருக்கு 2,000 ப்ராக்ஸி, 200 டாலருக்கு 90,000 ப்ராக்ஸி என்று கடை விரித்து விற்றது. அடுத்த மாதமே 911 எஸ்5 என்ற இன்னொரு ப்ராக்ஸி சேவை, தரவு அழிக்கப்பட்டுவிட்டதாக அறிவித்துக் கடையை மூடியது. 2024 மே மாதம் அதை நடத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் கைதானபோது வெளிவந்தது: 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடிக்கும் மேற்பட்ட ஐபிகள், இலவச விபிஎன் என்ற பெயரில் மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்றவற்றை நிறுவிய சாதாரண மக்களின் கணினிகள். அந்தக் கணினியின் சொந்தக்காரருக்குத் தன் வீட்டு இணைப்பில் யார் போகிறார்கள், வருகிறார்கள் என்றே தெரியாது. காவல்துறை வந்தால் அவர் வாசலுக்குத்தான் வரும்.

உங்கள் ஐபிகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு "நெறிமுறைப்படி பெறப்பட்டவை" என்ற ஒற்றை வரி பதிலாகாது. எந்தச் செயலிகளில் உங்கள் எஸ்டிகே (செயலிக்குள் சேர்க்கும் நிரல் தொகுப்பு) இருக்கிறது, அதில் ஒப்புதல் கேட்கும் திரை எப்படி இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல வழி எங்கே, அந்த வீட்டுக்காரருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில். இன்னொரு நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

காலாவதி இல்லை என்று சொல்லி விற்ற ஒவ்வொரு ஜிபியையும் அதே நிபந்தனையில் மீட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே கழித்திருந்தால் கணக்கில் திரும்ப ஏற்றுங்கள், முடியாதென்றால் கட்டிய விலையில் பணமாகத் தாருங்கள்.

கோரிக்கை வாரியான கணக்கைக் கோப்பாக இறக்கிக்கொள்ள வசதி செய்யுங்கள். அதில் நேரம், இலக்கு டொமைன், ஏறிய பைட், இறங்கிய பைட், கனெக்ட் நிலை எண், எடுத்த கட்டணம் இருக்க வேண்டும். கனெக்ட் 200 ஆகாத எதற்கும் கட்டணம் கூடாது. கேட்வே தானாகச் செய்த மறுமுயற்சிக்கும், எங்களுக்கு அனுப்பாத பைட்டுக்கும் கூடாது. ஒரு ஜிபி எத்தனை பைட் என்பது விலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

407க்கும் 502க்கும் காரணத்தைப் பதில் தலைப்பில் எழுதுங்கள். பயனர்பெயரில் தவறான நாட்டுக் குறியீடு வந்தால் 400 (தவறான கோரிக்கை) காட்டுங்கள். செஷன் ஐபி போனால் மாற்றாமல் துண்டிக்கும் விருப்பத்தை வையுங்கள். கேட்வேக்கு டிஎல்எஸ் போர்ட் திறந்துவிடுங்கள்.

நாடு வாரியாக இந்த மணி நேரத்தில் உயிரோடு இருக்கும் ஐபிகளின் எண்ணிக்கையை வெளியிடுங்கள். ஸ்டேட்டிக் ஐபி என்றால் ஏஎஸ்என், /24 எண்ணிக்கை, சர்வர் உண்மையில் நிற்கும் ஊர் மூன்றையும் வாங்கும் முன்பே காட்டுங்கள்.

அடையாளச் சோதனையைப் பணத்துக்கு முன்னால் வையுங்கள். ரீஃபண்ட் அளவை வாங்கிய பேக்கில் குறைந்தது 10 சதவீதம் என்று வையுங்கள். இந்தியக் கார்டு மறுக்கப்பட்டால் கையால் கட்டுவதற்கு இணைப்பு அனுப்பி, 72 மணி நேரம் ஐபியை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள்.

இந்தியாவில் உள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கிற வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பொருந்தும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் வெளியிடுங்கள். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அந்த விதிகள் சொல்கின்றன. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர்கள் பொதுவாக நுகர்வோர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குபவர்கள் வருவார்கள். எங்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். சந்தாவை நிறுத்த விடாமல் சுற்றவிடுவது 2023 நவம்பர் 30 அன்று வந்த இந்திய அரசின் 'டார்க் பேட்டர்ன்' (ஏமாற்று வடிவமைப்பு) வழிகாட்டுதலில் தடைசெய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த மடல் வெளியாகி 30 நாளுக்குள் பதில் வேண்டும். அதுவரை ஆண்டுச் சந்தாவோ பெரிய பேக்கோ எடுக்காமல், அந்தந்த மாதத் தேவைக்கு மட்டும் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். பைட் கணக்கில் வேறுபாடு உள்ள கணக்குகளின் பதிவுகளைக் கோப்பாக வைத்திருக்கிறோம். உங்கள் பொறியாளர்கள் கேட்டால் அனுப்புவோம், உட்கார்ந்து ஒப்பிடவும் தயார். பதிலை உங்கள் விலைப்பட்டியல் பக்கத்திலேயே, எல்லா வாடிக்கையாளரும் படிக்கும்படி எழுதுங்கள். தனி மின்னஞ்சலில் தள்ளுபடிக் கூப்பன் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பணம் கட்டி ப்ராக்ஸி சேவை பயன்படுத்தும் தொழில்நுட்பப் பணியாளர்கள்,
தமிழ்நாடு